டையிங் மாஸ்டர் அவித்த காய்கள்

டையிங் மாஸ்டர் என்றதும் எனக்கு ஒரு காலைப் பொழுதுதான் நினைவுக்கு வருகிறது. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டு, பெல்ட் கட்டி, இடது அக்குளில் ஒரு அரசாணிக்காயை இடுக்கிக்கொண்டு, எங்கள் காம்பவுண்டு கேட்டைக் காலால் தள்ளித் திறந்து அவர் உள்ளே வருகிறார். மற்ற ஊர்க்காரர்கள் பரங்கி என்றும் மஞ்சள் பூசணி என்றும் சொல்வதை எங்கள் பக்கம் அரசாணிக்காய் என்போம். வலது தோளில் அவருடைய பெண் குழந்தை, சட்டைக் காலரை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறது. அந்தச் சட்டையும் பெல்ட்டும் வேலைக்குப் போகிறவர் உடுத்துபவை. அவர் வேலைக்குப் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

நாங்கள் அப்போது பெருமாநல்லூரில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் வீட்டு ஓனர் முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் அவர் டையிங் மாஸ்டர்தான். சாயப்பட்டறையில் எந்த நிறத்துக்கு எந்தச் சாயத்தை எவ்வளவு போடுவது, எத்தனை சூட்டில் எவ்வளவு நேரம் ஓட்டுவது என்று முடிவு செய்கிற வேலை அவருடையது. பட்டறையில் அவர் குரல் கேட்டாலே ஆட்கள் மிரளுவார்கள் என்று சொல்வார்கள். கழிவுநீர்ப் பிரச்சினையில் அந்தப் பட்டறையை மூடியபோது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி நெடுங்காலம் கழித்து, கோயில்களும் ஆஸ்பத்திரிகளும் ஏறி இறங்கிப் பிறந்த குழந்தை அப்போது கைக்குழந்தை. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில், தைத்த துணிகளில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசராக இருந்தார். பேறுகால லீவு முடிந்ததும் வேலை இருந்தவர் வேலைக்குப் போனார், வேலை இல்லாதவர் வீட்டில் இருந்தார். இருவரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவா, தானாக அப்படி அமைந்துவிட்டதா என்பது எனக்குத் தெரியாது.

தினமும் எதற்குச் சட்டையை இஸ்திரி போடுகிறார் என்று ஒருமுறை அக்காவிடம் கேட்டேன். அது மாஸ்டர் காதில் விழுந்துவிட்டது. "எந்நேரம் போன் வருமோ தெரியாதுங்க அம்மணி. வான்னா உடனே போய் நிக்கோணுமல்லங்க" என்றார். சூரத்திலும் லூதியானாவிலும் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். போன் மேல்பையில் இருக்கும். குழந்தை அதை உருவி எச்சில் படுத்தும்.

அந்தச் சமயத்தில் நானும் பேறுகால லீவில் இருந்தேன். ஒரு கம்பெனியில், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. மகன் பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பகல் முழுக்க அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்ததால், அந்தப் பக்கம் நடந்தது எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. முக்கியமாகச் சாப்பாட்டு நேரம். அந்தக் குழந்தை ஸ்பூனைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்ளும். கூழ், பருப்புச் சாதம், ஆப்பிள் மசியல் எதுவாக இருந்தாலும் சரி. முதலில் அவர் கெஞ்சுவார்: "ஒரு வா சாமி, ஒரே ஒரு வா." பிறகு குரல் உயரும். பிறகு கன்னத்தை அமுக்கி ஊட்டுவார் போல. குழந்தை வீறிட்டு, சாப்பிட்டதோடு குடித்த பாலையும் சேர்த்துக் கக்கும். பிறகு வாளியில் தண்ணீர் விழும் சத்தம். தினம் மூன்று வேளையும் இதுவே. தடுப்பூசி போடப் போனபோது எடை ஏறவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்து, "நான் வேலைய உட்டுர்றேன்னு சொன்னேன். அதுக்கு அவுரு பேசவே மாட்டேங்கறாரு" என்றார்.

திருப்பம் என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் அவர் தனக்கும் அக்காவுக்கும் பொரியல் செய்வதற்காக அரசாணிக்காயை அவித்துத் தட்டில் ஆற வைத்திருந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பேசி முடித்துக் குனிந்து பார்த்தால், குழந்தை தட்டிலிருந்து ஒரு துண்டைக் கையில் அப்பி எடுத்து, வாயோரமெல்லாம் மஞ்சளாக, சப்பிக்கொண்டிருந்தது. விழுங்கிவிட்டு அடுத்த துண்டுக்குக் கை நீட்டியது. அவர் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். நான் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "பாருங்க அம்மணி, தானாத் திங்குது. நானா ஒன்னும் பண்ணலீங்க" என்று ஏதோ குற்றம் நடந்துவிட்டதுபோலச் சொன்னார். அப்போது அவர் குரல் எப்படியிருந்தது என்று இப்போது விவரிக்கத் தெரியவில்லை. கையை உயர்த்தினால் குழந்தை நிறுத்திவிடுமோ என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார். அது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாளே குழந்தைகள் டாக்டரம்மாவிடம் போய், துண்டாகக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டு வந்தார். கொடுக்கலாம்; குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்கினால் நசுங்கும் அளவுக்கு வெந்திருக்க வேண்டும், உப்பும் சர்க்கரையும் வேண்டாம், பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது என்றும் டாக்டரம்மா தன் முன்னங்கையில் ஒரு பொம்மையைக் கவிழ்த்துப் போட்டுக் காட்டியிருக்கிறார். அதை எங்களிடம் சொன்னபோது யாரும் பெரிதாகக் காது கொடுக்கவில்லை.

அதிலிருந்து அவருடைய பகல்கள் மாறின. ஒரு விரல் நீளத்துக்கு, ஒரு விரல் தடிமனுக்கு நறுக்குவார்; குழந்தை கைக்குள் பாதி அடங்கி, மீதிப் பாதி மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டுமாம். சின்னதாக நறுக்கினால் கைக்குள்ளேயே மறைந்துபோகிறது, குழந்தைக்கு விரலைத் திறந்து எடுக்கத் தெரியவில்லை என்று கண்டுபிடித்திருந்தார். இட்லிப் பானையில் துணி விரித்து அவிப்பார். கேரட்டுக்கு அரசாணியைவிட அதிக நேரம் வேண்டும், பீன்ஸுக்கு நார் முழுக்க உரிக்க வேண்டும். வெந்த அரசாணி கையிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்தது. அதனால் ஒரு பக்கம் மட்டும் தோலோடு விட்டு, பிடித்துக்கொள்ள ஏதுவாக நறுக்கிப் பார்த்தார். குழந்தை தோலையும் கடிக்கப் பார்க்கவே அதைக் கைவிட்டு, வறுத்த ராகி மாவில் லேசாகப் புரட்டினார். அது சரியாக வந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கை அவித்து மசித்து, அவித்த கேரட்டையும் நசுக்கிச் சேர்த்து, கொஞ்சம் ராகி மாவு போட்டுப் பிசைந்து விரல் விரலாக உருட்டி, தோசைக் கல்லில் ஒரு சொட்டு நெய் விட்டுப் புரட்டி எடுப்பார். அந்த வாசனை சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வரும். முருங்கைக் கீரையைப் பொடியாக அரிந்து அதில் சேர்த்தபோது குழந்தை துப்பிவிட்டது. கத்தரிக்காயைத் தொடவே இல்லை. எல்லாமே எடுபட்டது என்று சொல்ல முடியாது. பாதிக்கு மேல் தரையில்தான் கிடக்கும். அவர் குந்த வைத்து உட்கார்ந்து அதையெல்லாம் துடைத்துக்கொண்டிருப்பார். பட்டறையில் மிரட்டியவர் இவர்தானா என்று எனக்கு அப்போது தோன்றியதுண்டு. ஆனால் அவர் சாந்தமாகிவிட்டார் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. காய்க்காரரிடம் நார் பிடித்த பீன்ஸுக்காக அவர் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது.

பீட்ரூட் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. "அம்மணி, பாப்பாளுக்கு ரத்தமாப் போவுதுங்க. வண்டியில பிடிச்சு உக்கார ஆளு வேணும்" என்றார். அக்கா வேலைக்குப் போய்விட்டிருந்தார். மகனை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, அவருடைய குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன். குழந்தை காற்றுக்குச் சிரித்துக்கொண்டே வந்தது. டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், துணியைப் பிரித்துப் பார்த்தார். "நேத்து என்னங்க குடுத்தீங்க?" என்று கேட்டார். மாஸ்டர் வாயைத் திறந்து, மூடி, தரையைப் பார்த்தார். பிறகு, "பீட்ரூட்டுங்க" என்றார். டாக்டரம்மா சிரித்தார். நானும் அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தேன். திரும்பி வரும் வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் திரும்பாமலே சொன்னார்: "எத்தனை செவப்பு ஓட்டியிருப்பேனுங்க. ஒரு செவப்பும் என்னைய ஏமாத்துனதில்லீங்க."

என் லீவு முடியும் நாள் நெருங்கியது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்த பெண்மணி கடைசி வாரத்தில் வர முடியாது என்றுவிட்டார். கணியூரில் மாமியார் இருந்தார். ஆனால் மாமனார் படுக்கையில், அவரை விட்டு அசைய முடியாது. குழந்தையைக் கொண்டுபோய் அங்கே விட்டால் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே பார்க்க முடியும். வேலையை விடுவது இன்னொரு வழி. அப்போதுதான் அக்கா, "எங்கூட்டுல உட்டுட்டுப் போ. ஒன்னு பாக்கறவரு ரெண்டு பாக்க மாட்டாரா?" என்றார். நான் சரியென்றேன். என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் நிட்டிங் மிஷின் மெக்கானிக். மாற்றி மாற்றி ஷிப்ட். கொஞ்சமாகத்தான் பேசுவார். "ஒரு ஆம்பளைகிட்டக் கைக்கொழந்தைய உட்டுட்டுப் போனம்னா ஊருல என்ன பேசுவாங்க?" என்றார். "அவுரு பொண்ணையே அவுருதான பாக்கறாரு?" என்றேன். "அது அவுரு பொண்ணு" என்றார்.  பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனவர், பேப்பரைப் பிரிக்காமலே மத்தியானம்வரை அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். "தெனம் அந்தப் பாயத் தொவைச்சுப் போடறாராமா" என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை நான் மகனை மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அதன் பிறகான மாதங்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, நான் அங்கே இல்லை. சாயங்காலம் போகும்போது இரண்டு குழந்தைகளும் பாயில் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். அவருடைய பெண் என் மகன் கையிலிருப்பதைப் பிடுங்கித் தின்னும். மகனும் மெல்ல மெல்லச் சப்பவும் கடிக்கவும் பழகினான். டீக்கடையில் அவரைக் கிண்டல் செய்கிறார்கள் என்று கணவர் சொல்லித் தெரியும். 'ஆயா மாஸ்டர்' என்று ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். அவர் டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டு, "உங்கூட்டுக் கொழந்தையும் கொண்டாந்து உடு" என்று சொல்லிவிட்டு வந்தாராம். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு அவர் போகவில்லை. சூரத்துக்காரர்களிடமிருந்து போன் வந்துகொண்டிருந்தது. ஒருமுறை நான் போய் நின்றபோது, "இன்னைக்கு இல்லீங்க, கொஞ்ச நாளு போகட்டுங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

மகனுக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது அது நடந்தது. சாயங்காலம் நான் போய்க் கை நீட்டியதும், எப்போதும்போலத் தாவி வந்தான். முகம் கொஞ்சம் வீங்கினாற்போல், அழுதது தெரிந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. மாஸ்டர், "உக்காருங்க அம்மணி. தம்பியும் வரட்டும், ஒரு சமாச்சாரம் சொல்லோணும்" என்றார். என் கணவரைத்தான் தம்பி என்பார். அவர் வந்ததும் மாஸ்டர் நின்றுகொண்டே சொன்னார். மத்தியானம் கேரட் வெந்துகொண்டிருக்கும்போது கேஸ் தீர்ந்துவிட்டது. மிச்சச் சூட்டில் வேகட்டும் என்று மூடி வைத்திருந்தார். திறந்து ஒரு துண்டை எடுத்து அமுக்கிப் பார்த்தார், அமுங்கியது. மற்றதைப் பார்க்கவில்லை. மகன் கடித்த துண்டு பாதி வேக்காடு. உடைந்து தொண்டையில் போய் நின்றுவிட்டது.

"ஓங்கரிச்சா சத்தம் வருமுங்க, அது தெனம் பண்றதுதான். இது சத்தமே வரலீங்க. வாயத் தொறந்துட்டு என்னையவே பாக்கறான். மொகம் நீலம் ஆகுது. தூக்கிக் கைமேல கவுத்துப் போட்டு, தலைய கீழ சாச்சு, முதுகுல தட்டுனனுங்க. வந்துருச்சு. அப்பறந்தான் அழுதான்." பிறகு என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "உடனே டாக்டரம்மாகிட்டக் கொண்டுபோய்க் காட்டிட்டனுங்க. ஒன்னுமில்லைன்னுட்டாங்க."

நாங்கள் கேட்டிருக்கவே மாட்டோம். மகன் என் இடுப்பில் உட்கார்ந்து என் ஐடி கார்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த நாள் எனக்கு மற்ற நாட்களைப் போலத்தான் இருந்திருக்கும். என் கணவர் கேட்டார்: "செத்திருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"  அக்கா உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். கணவர் என்னிடமிருந்து மகனை வாங்கிக்கொண்டு வெளியேறினார். நானும் பின்னால் போனேன். படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். மாஸ்டர் அதே இடத்தில், சட்டைப் பட்டன் ஒன்று பிய்ந்து தொங்க, நின்றுகொண்டிருந்தார். மகன் பிடித்து இழுத்திருப்பான்.

கணியூருக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று. மாமனாரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் ஏற்பாடு ஆகும்வரை கணவர் லீவு போட்டு வீட்டில் இருப்பது என்று பேசினோம். பகலில் அவரும் மகனும் மட்டும். மகன் இப்போது ஸ்பூனைத் தட்டிவிட்டான். தானே எடுத்துத் தின்று பழகியவனுக்கு ஊட்டுவது பிடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் கணவர் இட்லியைப் பிய்த்துக் கையில் கொடுத்திருக்கிறார். மகன் அள்ளி வாயில் போட்டு ஓங்கரித்தான். கண்ணில் தண்ணீர், நாக்கு வெளியே. ஒரு நொடியில் தானே வெளியே தள்ளிவிட்டு, அதையே எடுத்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டான். வேலையிலிருந்து வந்த என்னிடம் இதைச் சொன்னபோது கணவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "நான் கையத் தூக்கவே இல்ல புள்ள. நின்னுட்டேன். மிஷின் நின்னா ஓடிப்போய்ப் பாக்கறவன், என்ற மகன் மூச்சுக்குத் தெணர்றான், மரமாட்டம் நிக்கறேன்."

அன்றே அவர் மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினார். நானும் கூட இருந்தேன். மாஸ்டர் லுங்கியும் பனியனுமாகக் கதவைத் திறந்தார். அவரை அந்த உடையில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடுப்படியில் மிக்ஸி ஜார் கிடந்தது. அவர் தன் பெண்ணுக்கும் துண்டு கொடுப்பதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் அரைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தையும் பழையபடி வாயை இறுக்க ஆரம்பித்துவிட்டதாம். கணவர் சுற்றி வளைக்காமல், "அன்னைக்கு எப்படிப் பண்ணுனீங்க? எனக்குக் காட்டுங்க" என்றார். மாஸ்டர் கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சுருட்டி, குழந்தைபோல முன்னங்கையில் கவிழ்த்துப் போட்டு, தாடையை எப்படிப் பிடிப்பது, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தோள்பட்டைகளுக்கு நடுவே எங்கே தட்டுவது என்று காட்டினார். கணவர் வாங்கித் தட்டினார். "இன்னுங் கொஞ்சம் தலை கீழ இருக்கோணுங்க தம்பி." மறுபடி தட்டினார். இரண்டு ஆண்கள் ஒரு பழைய துண்டை மாற்றி மாற்றிக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்ததை இரண்டு குழந்தைகளும் பாயில் உட்கார்ந்து பார்த்தன. என் மகனுக்குச் சிரிப்பு வந்தது.

"நாளையிலிருந்து கொண்டாந்து உடட்டுங்களா?" என்று கணவர் கேட்டார். மாஸ்டர் தலையை ஆட்டினார். "வேண்டாமுங்க. எனக்குப் பயமா இருக்குது. கத்தியத் தொட்டாலே அன்னைக்கு அவன் பாத்த மொகந்தான் தெரியுது." அப்படியொரு மறுப்பை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டது நாங்கள், விட்டுக்கொடுத்து வந்ததும் நாங்கள் என்று நினைத்துத்தான் போயிருந்தோம். கணவர் யோசித்துவிட்டு, "லீவ முடிச்சுட்டு வேலைக்குப் போறேன், எனக்கு இந்த வாரம் நைட் ஷிப்டுங்க. பகல்ல இங்கயே இருக்கறேன். நீங்க அவிச்சுக் குடுங்க. நான் ஒவ்வொன்னா அமுக்கிப் பாத்து எடுத்து வெக்கறேன். ரெண்டு பேரு பாத்தாப் பயமில்லீங்கல்ல?" என்றார்.  அக்காதான் உள்ளேயிருந்து, "நாளைக்கு அரசாணி வாங்கோணும், காய் தீந்துபோச்சு" என்றார்.

அந்த வாரம் முழுக்க என் கணவர் தூக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து அங்கே போனார். நறுக்கியது, அவித்தது எல்லாம் மாஸ்டர். ஒவ்வொரு துண்டையும் விரலில் அமுக்கிப் பார்த்தது இவர். அமுக்கி அமுக்கிப் பாதித் துண்டுகள் கூழாகிவிடும். அதை இருவரும் மிளகுத்தூள் போட்டுத் தின்றார்களாம். அடுத்த வாரம் ஷிப்ட் மாறியது. கணவர் காலையில் மகனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "நான் வரோணுங்களா?" என்று கேட்டதற்கு, மாஸ்டர், "போங்க, போங்க. நானே பாத்துக்கறேன்" என்றிருக்கிறார். அன்று சாயங்காலம் நான் போனபோது அவர் முழுக்கைச் சட்டையில் இருந்தார். கணியூர்ப் பேச்சு அதோடு நின்றது.

மகன் நடக்க ஆரம்பித்து, எங்கள் தட்டிலிருந்தே சோறு எடுத்துத் தின்னும் காலம் வந்தது. அதுவரை அவர் போய்விடவில்லை. சூரத்துக்காரர்கள் கடைசியாகக் கூப்பிட்டபோது குடும்பத்தோடு வருவதானால் வருகிறேன் என்று சொல்லி, அவர்கள் ஒத்துக்கொண்ட பிறகே கிளம்பினார். சாமான்களை ஏற்றிய அன்று இட்லிப் பானையை வெங்காயச் சாக்கில் சுற்றி வண்டியில் தானே வைத்தார். அதற்குப் பிறகு நாங்களும் வீடு மாறினோம். முதலில் அடிக்கடி, பிறகு பண்டிகைக்குப் பண்டிகை என்று போன் பேச்சு குறைந்தது. அதில் யாருடைய தவறும் இல்லை.

போன வைகாசியில் அவிநாசிபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அக்காவின் உறவில் கல்யாணம். மாஸ்டர் முன்வரிசை நாற்காலியில், தலை முழுக்க நரைத்து, அதே மாதிரி முழுக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அவர் மகள் உயரமாக வளர்ந்து, தன் வயதுப் பெண்களோடு தமிழும் ஹிந்தியும் கலந்து பேசிக்கொண்டிருந்தாள். என் கணவர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் இருவரும் இன்றைய நூல் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் மகனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, "இவுருதான்டா மாஸ்டர்" என்றேன். வீட்டில் எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறான். என்றாலும் ஒரு புது மனிதரைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தான். "வணக்கமுங்க" என்றான். அவர் அவன் கையைப் பிடித்து, முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எந்த வகுப்பு கண்ணு?" என்று கேட்டார். சொன்னான்.  நண்பன் யாரோ கூப்பிட, அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு ஓடிவிட்டான்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. "அவனுக்கு ஒன்னுமே ஞாபகம் இல்லீங்க" என்றேன், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

"என்னத்துக்கு ஞாபகம் இருக்கோணும்?" என்றார் மாஸ்டர். ஓடுகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த வயசுல நல்லாத் தின்னு நல்லாத் தூங்குன கொழந்தைக்கு ஒன்னும் ஞாபகம் இருக்காதுங்க அம்மணி. இல்லாம இருக்கறதுதான் நல்லது."

பந்திக்குக் கூப்பிட்டார்கள். அக்கா வந்து நாங்கள் நால்வரும் சேர்ந்து உட்கார இடம் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். எழுந்து போனோம்.